கடிதத்துக்குள் மடித்த அப்பம்

அந்த ஆங்கிலக் கோயிலுக்கு என்னை முதன்முதல் கூட்டிக்கொண்டு போனவள் ஓர் அக்கா. கூடப்பிறந்தவள் அல்ல. இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே படிக்கட்டில் எதிரெதிர்க் கதவுகள் எங்களுக்கு. யாழ்ப்பாணத்தில் அவள் அங்கிலிக்கன் குடும்பம், நான் சைவம். பலெர்மோவுக்கு வந்தபிறகு அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? இரண்டு பேரும் பொலிதேயாமாப் பக்கம் வீட்டுவேலை செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறந்து கதைக்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, போனேன்.

சின்னச் சபை. இத்தாலியரைக் கலியாணம் கட்டி இங்கேயே கிழவிகளாகிப்போன சில ஆங்கிலச் சீமாட்டிகள், சில ஆபிரிக்கர்கள், பிறகு நாங்கள். ஆள் குறைவு என்றபடியால் ஆளுக்கொரு தொண்டு இருந்தது. பீடத்துத் துணிகளைத் தோய்த்துத் தேய்ப்பது என் பங்கு. சும்மா சொல்லக்கூடாது, சோற்றுக் கஞ்சி போட்டு நான் தேய்த்த துணி தகடு மாதிரி நிற்கும். அக்காவுக்கு மொழிபெயர்ப்பு. குருவானவருக்கு இத்தாலியன் வராது. என் ஆங்கிலம் 'குட் மோர்னிங்'கோடு முடிந்துவிடும். அவர் சொல்வது எனக்கும் நான் சொல்வது அவருக்கும் அக்காவின் வாய் வழியாகத்தான் போய்வரும்.

முதல் நாள் எல்லோரும் அப்பம் வாங்க எழும்பியபோது நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா பிள்ளை, கையை நீட்டு. கடவுள் தாறதை வேண்டாமெண்டு சொல்லுறதே?"

நீட்டினேன். ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் அது என்று அவள் சொல்லவில்லை. வேறு எவரும் கேட்கவுமில்லை.

பிரசாதம் என்றால் எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வாங்கியதை முழுக்க அங்கேயே வாயில் போட்டுவிட்டு வரமாட்டோம், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு துண்டு போகவேண்டும். என் வீட்டில் இருந்தவள் என் மகள், ஒன்பது வயது. கொழும்பில் என் தங்கச்சியோடு இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று கடிதம் வந்த கிழமை, கையில் வைத்த அப்பத்தை வாயில் போடாமல் கைலேஞ்சிக்குள் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன். ஊரிலிருந்து கடிதத்துக்குள் திருநீறு மடித்து அனுப்புவதில்லையா? அப்படித்தான் நினைத்தேன். வேறு என்ன நினைக்க?

படிக்கட்டில் வைத்து அக்காவிடம் காட்டினேன். "அக்கா, இதைப் பிள்ளைக்கு அனுப்பினால் பிழையோ?"

"இதிலை என்ன பிழை? இஞ்சை கொண்டா, நீ உடைச்சுப்போடுவாய்."

சொக்கலேற் சுற்றிவந்த வெள்ளித்தாளை எடுத்துவந்து, தன் கையாலேயே மடித்துத் தந்தாள்.

மகளின் பதில் வந்தது. 'அம்மா, வெள்ளை வட்டத்தைச் சாப்பிட்டிட்டன். ஒரு ருசியும் இல்லை. காய்ச்சல் விட்டிட்டுது.' நானும் அக்காவும் அதை வாசித்து வயிறு நோகச் சிரித்தோம்.

அடுத்த வருடம் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் வேலையை விட்டார். மண்டபத்துக்குப் பின்னால் அவர் இருந்த இரண்டு அறைகளும் அந்த வேலையோடு சேர்ந்தவை. மகளை இத்தாலிக்குக் கூப்பிடுவதற்கு எனக்கு வேண்டியிருந்ததே ஒழுங்கான ஒரு வீடுதான். நாலு பெண்கள் அடைந்துகிடந்த என் அறையைக் காட்டி எந்தக் குடிவரவுக் கந்தோரில் பிள்ளையைக் கேட்பது? அந்த வேலையை எனக்கே தருவதாகக் குருவானவர் சொன்னார். அதை எனக்குச் சொன்னதும் அக்காதான். "பிள்ளையைக் கூப்பிடடி!" என்று கட்டிப்பிடித்தாள். இரண்டு பேருமாகப் போய் அறை ஜன்னலை அளந்தோம். நாடாவின் ஒரு நுனி என் கையில், மற்ற நுனி அவள் கையில். பல்லரோ சந்தையில் மஞ்சள் துணி வாங்கி, நான் வேலைசெய்த வீட்டுச் சிஞ்ஞோராவின் மெஷினில் ஜன்னலுக்குக் கேட்டின் தைத்தேன். பள்ளிக்கூட விடுகைக் கடிதத்தை எடுத்து வைக்கச் சொல்லி மகளுக்கும் எழுதிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, ஆராதனை முடிந்தபிறகு, குருவானவர் என்னை உள்ளறைக்கு அழைத்தார். மொழிபெயர்க்க அக்காவும் வந்தாள். மனிதர் முகம் வாடி, நெடுநேரம் ஏதோ கதைத்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அப்பத்தைச் சாப்பிடாமல் தபாலிலை அனுப்பினியோ எண்டு கேக்கிறார்."

இந்த ஊரில் அது தெரிந்தது இரண்டே பேருக்கு. இரண்டு பேரும் அந்த அறைக்குள் நின்றோம். அவளோ அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவள் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், அனுப்பினனான். பிழையோ எண்டு உங்களைக் கேட்டிட்டுத்தான் அனுப்பினனான். நீங்கள்தான் வெள்ளித்தாளிலை மடிச்சுத் தந்தனீங்கள். அதையும் அவருக்குச் சொல்லுங்கோ அக்கா."

அக்கா அவரைப் பார்த்து, "யெஸ்" என்றாள்.

மிச்சத்தையும் சொல்லுவாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது யேசுவின்ரை உடம்பாம். அப்பமும் வைனும் வைக்கிற அலுமாரித் திறப்பு அந்த வேலைக்காரரிட்டைத்தானாம். உன்னட்டைத் தரேலாதாம்," என்றாள் அக்கா. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்லுவார்களே, அதை அன்றைக்குத்தான் கண்டேன். இத்தாலியன் தெரிந்த கிழவி ஒருத்தி வாசலில் என்னை மறித்து, என்ன நடந்தது என்று கேட்டாள். நான் அறிந்தது குசினி இத்தாலியன். எதைக் கழுவவேண்டும், எதைத் துடைக்கவேண்டும் என்று கேட்க அது போதும். இதைச் சொல்லப் போதாது. "நியெந்தே," ஒன்றுமில்லை என்றேன்.

அந்த மாதமே வேலையும் அறைகளும் அக்காவுக்குப் போயின. அவளுக்கும் ஊரிலிருந்து புருஷனைக் கூப்பிடவேண்டியிருந்தது, எனக்குத் தெரியாதா? இருந்தது இரண்டு அறை. கேட்டிருந்தால் ஒன்றைக் கொடுத்திருப்பேன், பாவி.

கடைசியாகத் தோய்த்த பீடத்துத் துணிகள் என்னிடமே கிடந்தன. கசக்கி எறியத்தான் மனம் வந்தது. துணி என்ன பாவம் செய்தது? வழக்கம்போலக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோனேன். அக்காதான் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் வெறுமையாக இருந்தது. துணிகளை வாங்கிக்கொண்டு, அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளை, நீ தைச்ச கேட்டின் சும்மாதானே கிடக்குது? இதுக்கெண்டு அளந்ததுதானே. தாவன்."

அவளிடம் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

"நோ," என்றேன்.

மகள் வந்து சேர இன்னும் ஐந்து வருடம் எடுத்தது. ரோமிலிருந்து வந்த ரயிலில் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கினாள். என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். அடையாளம் தெரியாமல் என்னைத் தாண்டிப் போனாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டபிறகுதான் நின்றாள்.