முன்னாலேயே புறப்பட்ட மூட்டைகள்

கைடு என்னும் பெண் சாரணர் அணியில் என்னை லீடராக்கியபோது எனக்குப் பதினான்கு வயது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஐந்து பெண்களுக்கு நான் தலைவி. அடையாளமாகச் சட்டைப் பையின் மேல் இரண்டு வெள்ளைப் பட்டைகள். அவற்றை இப்போதைக்கு நூலோட்டி மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் எங்கள் மிஸ். கிள்ளானில் நடக்கும் கைடுகள் கூட்டத்துக்கு எல்லோரையும் ஒழுங்காகக் கூட்டிவந்து, திறந்தவெளியில் சோறாக்கிக் காட்டினால் அழுத்தித் தைத்துக்கொள்ளலாம். மிஸ் வெள்ளைக்காரர். இங்கே வந்து பத்து வருடமாகியும் 'வா', 'போ' தவிர அவருக்குத் தமிழ் தெரியாது.

அந்தப் பட்டைகளோடு நான் தூங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமில்லை. தங்கச்சியை விறைப்பாக நிற்கவைத்துத்தான் தண்ணீரே கேட்பேன். "இவளுக்குக் கொம்பு முளைச்சிருச்சு" என்றாள் அம்மா. முளைத்துத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஒன்பதரை ரயிலில் போகவேண்டும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். வயதுக்கு வந்த பெண்ணை ஊர்விட்டு ஊர் அனுப்ப அரை மனதாய்த் தலையாட்டியிருந்த அம்மாக்களுக்கு இந்த ராகு பகவான் நல்ல சாக்காகக் கிடைத்துவிட்டார். ஐந்து வீட்டிலும் முடியாது என்றார்கள். இதை மிஸ்ஸிடம் எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

யோசித்து யோசித்துப் பரஸ்தானத்தைப் பிடித்தேன். நல்ல நேரத்தில் மூட்டையை மட்டும் வெளியே கொண்டுபோய் வேறோர் இடத்தில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு ஆள் எப்போது கிளம்பினாலும் ராகு கேட்க முடியாது. என் அணியிலேயே குண்டான பெண்ணின் அம்மாதான் மற்ற அம்மாக்களுக்கெல்லாம் லீடர். அவரிடம் முதலில் போனேன்.

"பக்கத்து வீட்டுல வச்சா பத்தாதும்மா. பொம்பளப் புள்ளைங்க சமாச்சாரம். மூட்டை ஊரைத் தாண்டணும்" என்றார்.

"தாண்டும் அத்தே. எட்டு மணி ரயில்லயே கிள்ளானுக்கு அனுப்பிடறேன்!"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் அத்தை தலையாட்டிவிட்டார். எனக்கு அது போதும்.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனில் ஆறு மூட்டைகள். அரிசி, பருப்பு, சட்டி, விசில், கூடவே எங்கள் தொப்பிகள். தொப்பி போட்டுக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் நடக்க எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். அம்மாக்கள் மூட்டைகளுக்குத் திருநீறு பூசினார்கள். கற்பூரம் காட்டாத குறைதான். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் குடியிருந்த போர்ட்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"கிள்ளான்ல யாரும்மா எறக்குவா?"

"ரயில் கார்டுகிட்ட சொல்லிருங்கண்ணே. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

மற்றது என்று நான் எதைப் பார்த்துக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பதரை ரயிலில் கிள்ளான் போய் இறங்கினால் மூட்டைகள் இல்லை. யாரும் இறக்காததால் நேரே துறைமுகத்துக்குப் போய்விட்டன. இனி சாயங்காலம்தான் திரும்பும் என்றார்கள். திடலில் மற்ற அணிகள் தொப்பியும் சட்டியுமாக வரிசையில் நிற்க, நாங்கள் ஆறு பேரும் வெறுந்தலையும் வெறுங்கையுமாகப் போய் நின்றோம். மிஸ்ஸின் முகம் மிளகாயாகச் சிவந்தது. எங்கே உங்கள் சாமான்கள் என்றார்.

"போர்ட்டர் கிள்ளானில் இறக்கச் சொல்லவில்லை, மிஸ்."

யோசிப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது. மிஸ் உடனே நோட்டுப்புத்தகத்தை எடுத்தார். "அவன் பெயர் என்ன? திங்கட்கிழமை ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதுகிறேன்."

வெள்ளைக்காரத் துரைசானி எழுதினால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள். கடைசிக்குட்டி பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடும். உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதற்கு முன் குனிந்து என் பட்டைகளைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"அனுப்பியது நான்தான், மிஸ். வாங்கிக்கொள்ள ஆள் வைக்காததும் நான்தான்."

எதற்காக அனுப்பினாய் என்று கேட்டார். "சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை வானத்தில் ஒரு பாம்பு இருக்கிறது, மிஸ்" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ராகு அவ்வளவுதான். மிஸ் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் நூலைப் பிடித்து இழுத்தார். பட்டைகள் ஒரே இழுப்பில் கையோடு வந்தன. அவற்றைக் குண்டுப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் லீடராகி முதல் வேலையாக என்னை விறகு பொறுக்க அனுப்பினாள். கிள்ளான் பெண்களிடம் இரவல் வாங்கிய அரிசியில் குழைந்த சோறு ஆக்கி, போட்டியில் கடைசியாக வந்தோம். புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டு நன்றாக அழுதேன்.

சாயங்காலம் மிஸ்ஸோடு கோலாலம்பூரில் இறங்கியபோது, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், துறைமுகத்திலிருந்து திரும்பிவந்த ஆறு மூட்டைகளோடு நின்றிருந்தார் போர்ட்டர் அண்ணன். என் சட்டைப் பையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"பட்டையப் புடுங்கிட்டாங்களா? தப்பு என்னுதும்மா. கார்டுகிட்ட சொல்லப் போனேன், அதுக்குள்ள ஒரு தொர பொட்டியத் தூக்கச் சொன்னாரு, அப்படியே மறந்து போச்சு."

அப்படியானால் நான் முதலில் சொன்னது பொய்யே இல்லை! எனக்குப் பகீரென்றது, சந்தோஷமாகவும் இருந்தது. இன்றைக்கே பட்டைகளைத் திரும்ப வாங்கிவிடலாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மிஸ்ஸின் முன்னால் போய்க் கைகூப்பி, "இந்தப் புள்ளமேல தப்பில்லம்மா, எல்லாம் நான் செஞ்சது" என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் தமிழில் ஒப்பித்தார்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறான்?"

மற்ற ஐந்து பெண்களும் என்னையே பார்த்தார்கள்.

"மூட்டைகளெல்லாம் பத்திரமாக வந்துவிட்டனவாம், மிஸ்" என்றேன்.