கருப்பட்டி குடித்த தேனீக்கள்

தேனீப் பெட்டியின் வாசல் பலகையில் மஞ்சள் மஞ்சளாகத் துளிகள். ஆடிச் சாரல் விட்ட ஒரு காலையில் அதைப் பார்த்து, ‘ஆகா, தேன் பொங்கி வழியுதே’ என்று துள்ளியவன் நான். இன்றைக்கு மார்த்தாண்டம் பக்கம் நல்ல தேன் எங்கே என்று கேட்டால் என் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்று பனையேறப் போனவன், இப்போது படித்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆனால் அந்தத் துளி என்னவென்று எனக்குச் சொன்னவர், தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த மேடம்.

எங்கள் தெருவில் முதலில் அஞ்சு வீட்டுக்குத்தான் ஆளுக்கொரு பெட்டி கொடுத்திருந்தார். மழைக்காலத்தில் பூ இருக்காது, தேனீ பட்டினி கிடக்கும். அதைத் தாண்டிப் பிழைக்கவைத்தால்தான் மிச்ச வீடுகளுக்கும் பெட்டி வரும். அதற்காகச் சீனிப்பாகு வைக்கச் சொல்லியிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் இறக்கிய பதநீரை என் வீட்டுக்காரி காய்ச்சி எடுத்த கருப்பட்டி பானை நிறைய இருக்கும்போது, கடைச் சீனியா? கருப்பட்டிப் பாகு வைத்தேன். அதோடு விட்டேனா? மற்ற நாலு வீட்டுக்கும் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்து, “அந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, இதை வையுங்க” என்றும் சொல்லிவைத்தேன்.

அன்று ஸ்கூட்டரை நிறுத்திய மேடம் பலகையைக் குனிந்து பார்த்தார். “அண்ணே, என்னத்தைக் குடுத்தீங்க?” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஹெல்மெட் உருண்டு ஓடியது. “இது தேனில்லண்ணே. தேனீக்கு வயித்தால போவுது. கருப்பட்டி அதுக்குச் செரிக்காது.” பெட்டியைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. அடியில் செத்த தேனீக்கள் குவிந்து கிடந்தன. “வேற யாருக்கும் குடுத்தீங்களா?”

ஓடினேன் பார், ஒரு ஓட்டம்! மூன்று வீட்டில் பாகு இன்னும் தூக்கிலேயே இருந்தது. நாலாவது வீட்டுக்காரர் பெட்டி மூடியைக் கழற்றி, தூக்கைச் சரித்துக்கொண்டிருந்தார். பாய்ந்து பிடுங்கினேன்; பாகு முழுக்க என் வேட்டியில். “வைக்காதேயும் ஓய்! எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது!” தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. “நேத்து வேற மாதிரி சொன்னீரே?” என்றார் அந்த வீட்டுக்காரர். “இனி உமக்கும் சீனிதானா?” அன்று விழுந்த ‘கருப்பட்டி’ என்ற பட்டப்பெயர் இன்றும் போகவில்லை.

பிசுபிசுத்த வேட்டியோடு திரும்பி வந்தால், மேடம் வெறுங்கையில் தேனடை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் கத்துகிறார்: “ராணி இருக்கா அண்ணே! உயிரோட இருக்கா!” பலகையை நானே தேய்த்துக் கழுவினேன். கடைக்கு ஓடிச் சீனி வாங்கினேன். ரப்பர் மரங்கள் தளிர்த்துத் தேன் சுரந்த மாசியில் அஞ்சு பெட்டியும் நிறைந்தன. அடுத்த மழைக்கு முன்னே எங்கள் தெருவில் பெட்டி இல்லாத வீடு கிடையாது.

பணி ஓய்வு பெற்ற மேடம் போன வாரம் வந்தார், தன் வீட்டுக்கு ஒரு பெட்டி கேட்டு. யாரிடம் கேட்டார்? என்னிடம்! இருப்பதிலேயே நல்ல பெட்டியைக் காட்டினேன். என் பெருமையை ஆரம்பிக்கும் முன்பே அவர் குனிந்து, வாசல் பலகையில் ஒரு விரலை ஓட்டினார். அத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தவன், மூச்சை அடக்கி நின்றேன்.

விரல் சுத்தமாக வந்தது.