கேமராவைத் தாண்டிய பிறகு

எங்கள் ஊர் ரோட்டில் வேகத்தைப் பிடிக்கும் கேமரா வைத்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. கோட்டுச்சேரியைத் தாண்டி வடக்கே போகிற ரோடு அது. காரைக்காலில் பாட்டில் வாங்கிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் திரும்புகிற கார்கள் எங்கள் வாசலில் பறக்கும். கொடியில் காயும் புடவை ஒரு தரம் எழுந்து விழும்.

கேமராக் கம்பத்தை நட்டது எங்கள் வீட்டுக்குத் தெற்கே, டீக்கடைக்கு எதிரில். என் நாத்தனார் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். புருஷன் போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் நான் பேச வேண்டியதை அவள்தான் பேசுவாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு எழுத வரும். நாலு பேர் எதிரில் வாய் வராது.

"இனிமே பயமில்ல அண்ணி. கம்பத்துல ஒக்காந்து வெச்ச கண்ணு வாங்காம பாக்குது. எங்க அண்ணன்கூட உங்கள அப்படிப் பாத்ததில்ல" என்றாள்.

பொய் சொல்லக்கூடாது. டீக்கடை எதிரில் வண்டிகள் அடங்கித்தான் போயின. முன்பு அங்கே மாடு அடிபடும், சைக்கிள்காரர்கள் அடிபடுவார்கள். அது நின்றது. அறுத்த நெல்லைக்கூட அந்த இடத்தில்தான் ரோட்டில் காயப்போட ஆரம்பித்தோம்.

ஆனால் கம்பம் வரைக்கும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வருகிறவர்கள், தாண்டியதும் விட்ட நேரத்தைப் பிடிக்கிற மாதிரி மிதித்தார்கள். எங்கள் வீட்டு எதிரில் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது வேகம் முழுசாக ஏறியிருக்கும். கேமரா வருவதற்கு முன்னால் ஒரே வேகத்தில் வந்தார்கள். எப்போது கடக்கலாம் என்று எங்களுக்கு ஒரு கண்ணளவு இருந்தது. இப்போது மெதுவாகத்தானே வருகிறான் என்று இறங்கினால், பாதி ரோட்டில் நிற்கும்போது மேலே வந்துவிடுகிறான்.

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு காலை. காரைக்காலுக்குப் போக நாத்தனார் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் வாசலில் நின்றேன். கம்பத்தருகே ஒரு வெள்ளைக் கார் ஊர்ந்து வந்தது.

"மெதுவாத்தான் வர்றான்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவள் நடு ரோட்டுக்குப் போவதற்குள் அந்தக் கார் அவளைத் தூக்கிப் போட்டது. நிற்கவும் இல்லை.

என் மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நல்லவேளை, அந்த நேரம் லோடோடு வீட்டுப் பக்கம் வந்திருந்தான். ஏற்றியிருந்த காய்கறிக் கூடைகளை இறக்கிப் போட்டுவிட்டு, பின்னால் பாய் விரித்து அவளைக் கிடத்தினோம். அவள் தலை என் மடியில்.

"மெதுவாப் போடா... குலுங்குது" என்று முனகினாள்.

"நீ சும்மா கெட அத்தே" என்று கத்திக்கொண்டே அவன் விரட்டினான்.

உயிர் தப்பியது. தொடையில் பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் கட்டிலில் கிடந்த நாட்களில் ஒருநாள் என் மகனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அளவுக்கு மீறிய வேகமாம், அபராதமாம். கூடவே ஒரு படம். எங்கள் ஆட்டோவின் பின்பக்கம். நம்பர் தெரிகிறது. பாயில் அவள் கிடப்பது தெரிகிறது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து அழுகிற என் முகம் தெரிகிறது.

நாத்தனார் போனை வாங்கிப் பார்த்தாள். "நல்லா வுழுந்திருக்கு. கல்யாண போட்டோவுலகூட நீங்க தலையத் தூக்கல அண்ணி" என்றாள். சிரித்தால் கால் வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

மகனோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எங்களைப் படமெடுத்த கேமரா அந்த வெள்ளைக் காரையும் எடுத்திருக்குமே என்று மகன் கேட்டான். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"வேகமா போனாத்தாங்க அது படம் எடுக்கும். அன்னைக்குக் காலையில வெள்ளக் கார் எதுவும் வேகமா போகல. படத்துல வுழுந்தது உங்க வண்டி ஒண்ணுதான்."

ஆளை அடித்துப் போட்டவன் ஒழுங்காகப் போனவன். அடிபட்டவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் குற்றவாளி. கம்பத்தடியில் மெதுவாகப் போனால் போதுமா? மனுஷர்கள் கம்பத்தடியில் மட்டுமா இருக்கிறோம்? நெஞ்சில் இவ்வளவு இருந்தும் எனக்கு ஒரு சொல் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு வேகத்தடையாவது போடுங்கள் என்று மகன்தான் கேட்டான்.

"மெயின் ரோட்டுல நெனச்ச எடத்துல மேடு போட முடியாது தம்பி. எழுதிக் குடுங்க, மேல அனுப்புறோம்."

எழுதிக் கொடுத்தோம். தை பிறந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நாத்தனாரோ வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மகன் விடியுமுன் லோடுக்குப் போய்விடுவான். அவள் பஸ்ஸில்தான் போயாக வேண்டும், அதே ரோட்டைக் கடந்து, முன்னைவிட மெதுவாக.

அறுவடை முடிந்து நெல் வந்தது. படுதாவைப் பஸ் நிறுத்தத்துக்கு இழுத்து வரச் சொன்னேன்.

"அங்கயாம்மா? அங்க பறப்பானுவளே!" என்றான் மகன்.

"அதுக்குத்தான்."

நெல்லில் பைக் வழுக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால் எங்கள் பக்கத்துப் பாதி ரோட்டில் மட்டும் படுதா விரித்து, ஒரு மணி சிதறாமல் கூட்டி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தேன். தூரத்திலேயே தெரியட்டும் என்று தெற்கு முனையில் ஒரு சவுக்குக் கம்பை நிறுத்தி, என் பழைய சிவப்புப் புடவையைக் கட்டினேன். கேமராவைத் தாண்டி மிதித்தவர்கள் புடவையைக் கண்டதும் காலை எடுத்தார்கள்.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்தார். "ஏன் பாட்டிம்மா, ரோட்டுல நெல்லு போடக்கூடாதுன்னு தெரியாதா? யாராவது வுழுந்து அடிபட்டா? அள்ளுங்க."

வழக்கம்போலப் பதில் சொல்ல, வாசலில் வாக்கரோடு நின்ற நாத்தனார் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் பேசிவிட்டேன்.

"அடிபட்டவ அதோ நிக்கிறா. அன்னைக்கு நெல்லு இல்லிங்க, கேமராதான் இருந்திச்சி. இப்ப வர்றவன் மெதுவா வர்றானா இல்லியா, நின்னு பாருங்க. அப்புறம் அள்ளுறேன்."

துடைப்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் நின்றார். இரண்டு கார்களும் ஒரு மணல் லாரியும் எங்களைத் தாண்டி ஊர்ந்து போயின.

"காஞ்சதும் எடுத்துடணும்" என்றார்.

"இங்க ஒரு மேட்டப் போடுங்க. அன்னைக்கே எடுத்துடுறேன்."

அவர் போனதும் நாத்தனார், "அண்ணிக்கு வாய் வந்துட்டு. இனிமே என் பாடு திண்டாட்டம்தான்" என்றாள். பிறகு வாக்கரை முன்னால் வைத்து ரோட்டில் இறங்கினாள். நான் கூடவே நடந்தேன். வந்த ஒரு கார் புடவைக்குப் பின்னால் நின்றது.

நெல் எப்போதோ காய்ந்து மூட்டையாகிவிட்டது. மேடு இன்னும் வரவில்லை. படுதாவில் இப்போது கிடப்பது வெறும் பதர். தினம் காலையில் விரித்து, ஊர் பார்க்கத் துழாவிவிடுகிறேன். ஓட்டுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.