தவமணி அக்காவின் சோயா பாண்டோங்

தவமணி அக்கா இறந்துவிட்டார் என்று குணா தொலைபேசியில் சொன்னபோது, "போறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். குணா நம் தண்ணீர்ப் பந்தலின் தலைவர், இளகிய மனசுக்காரர். அக்காவின் கடைசி வார்த்தையைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஒன்னும் சொல்லலண்ணே, தூக்கத்துலயே போயிட்டாங்க" என்று விம்மினார். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஜெலுத்தோங் பாசாரில், காய்கறிக் கடை முன்னால், கையில் ஒரு கட்டுக் கீரையோடு, முப்பது வருடம் பழகிய மனுஷி போய்விட்ட செய்தியைக் கேட்டு அப்பாடா என்று மூச்சு விட்டவன் நான். சே, இப்படியும் ஒரு பிறவி!

அந்த அப்பாடாவுக்குக் காரணம் இருந்தது. அக்காவுக்கு நான் ஒரு அநியாயம் செய்தேன். அதன் முழு உண்மை எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கே வெளியே வந்துவிடுமோ என்ற பயம் அவரோடு போயிற்று என்று நினைத்தேன். அக்காவோடு பந்தலில் நின்ற நீங்கள்தான், "அவங்களப் பத்தி நீங்க எழுதுங்கண்ணே, நீங்கதான் ரொம்ப நாள் பழக்கம்" என்றீர்கள். பழகியது உண்மை. ஆகவே நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டு நழுவ முடியாது.

நாங்கள் இருவரும் பாயான் லெப்பாஸில் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் ஸ்டோரில் இருந்தேன். அவர் தரப் பரிசோதனையில், நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளில் கீறல் தேடுகிற வேலை. அந்தப் பழக்கம் வெளியிலும் விடாது. பிஸ்கட் பொட்டலமானாலும் இருமல் மருந்தானாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்த பிறகுதான் கீழே வைப்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேலி செய்வோம். "படிங்க லா அக்கா, கடைசில கல்யாணப் பத்திரிகை வரும்" என்பேன். சிரித்துக்கொண்டே படிப்பார்.

நாற்பது வயதுக்கு மேல் அக்காவின் வயிற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. ஒரு மிடறு பால் குடித்தால் போதும், அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வேறு யாராக இருந்தாலும் இனிப்பையே மறந்திருப்பார்கள். அக்கா அப்படியில்லை. "வயிறு பண்ற தப்புக்கு நாக்கு ஏன் தம்பி பட்டினி கிடக்கணும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் இறங்கினார். அவர் சமைத்துப் பார்த்ததையெல்லாம் ருசி பார்த்தது எங்கள் தொழிற்சாலை பஸ்தான். முந்திரியை அரைத்துப் பாலெடுத்துச் சேமியா பாயசம். முதல் தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கிய கடலைப்பருப்புப் பாயசம். பாதாம் பாலில் ஏலக்காய் தட்டிப்போட்டுப் போத்தலில் அடைத்த குளிர்பானம். ஒருநாள் சூடான கோப்பியில் சோயா பாலை ஊற்ற, அது திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. "இன்னிக்கு கோப்பியக் கடிச்சுத் திங்கணும்" என்று அவரே முதலில் சிரித்தார். நான் எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிட்டு, "என்ன இருந்தாலும் பால் மாதிரி வருமாக்கா?" என்று வாயைத் துடைப்பேன். ஒருமுறை திருப்பிக் கேட்டார்: "கடைல விக்கிற ஐஸ் சென்டோல்ல மாட்டுப் பாலா ஊத்துறான்? தேங்காய்ப் பால்தானே. அதை மட்டும் ரெண்டு கிண்ணம் சாப்புடுறீங்க, அப்ப வாயத் தொறக்கல?" பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று பட்டது. நான் கேலி செய்யலாம், என்னை யாரும் செய்யக் கூடாது என்ற ஜாதி நான்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் சாலையில் நம் பந்தல் போடுகிறோம். அதில் என் பாண்டோங்கிற்கு ஒரு பேர் உண்டு. ரோஜா சிரப்பில் டின் பாலைக் கலந்து, ஐஸ் போட்டு, பீப்பாய் மாதிரி பெரிய தோம்பில் நான் கலக்குவதைப் பார்க்கவே சனம் நிற்கும். "பாண்டோங் செல்வம்" என்று கூப்பிட்டால் தலைகால் புரியாது எனக்கு. ஒரு வருடம் அக்கா கேட்டார்: "தம்பி, எனக்கு மாதிரி பால் ஒத்துக்காதவங்களும் இந்தக் கூட்டத்துல வருவாங்கள்ல? அவங்க வெறும் தண்ணியத்தான் குடிச்சிட்டுப் போறாங்க. நான் சோயா பால்ல ஒரு தோம்பு பாண்டோங் போட்டுத் தரட்டா?" ஓரத்தில் ஒரு மேசை கொடுத்தேன். சோயாப் பயற்றை முந்தின நாளே ஊறவைத்து, அரைத்து, துணியில் வடித்து, வாசனைக்குப் பண்டான் இலை போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து எடுத்து வந்தார். ஒரு சிட்டிகை உப்பும் போட்டிருந்தார். வாசம் சாலையின் அந்தப் பக்கம் வரை போயிற்று.

பத்து மணிக்குள் அவர் மேசை முன்னால் நின்ற வரிசை என் வரிசையைவிட நீளமாகிவிட்டது. பால்குடம் எடுத்து வந்த சீனப் பெண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய்மார்கள் எல்லாரும், "அந்த ஆன்ட்டிகிட்ட வாங்கு, நல்லாருக்கு" என்று ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். வயிறு எரிந்தது. மைக்கை எடுத்தேன். "பக்தர்களே, சுத்தமான பால்ல செஞ்ச பாண்டோங் இங்கே! அந்த ஓரத்துல இருக்கறது பால் இல்ல. முருகனுக்குப் பால்குடம் எடுக்கறவங்களுக்கு டூப்ளிகேட் பால் எதுக்கு?" நீங்கள் சிலபேர் அன்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வரிசை கலைந்து என் பக்கம் வந்தது. அக்கா கையிலிருந்த குவளையை முன்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தோம்பை மூடினார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். வெயில் என்று நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பல வருடம் எனக்குப் புரியாமல் இருந்தது. பந்தல் பையன்கள் முகநூலில் போட என் கலக்கலைப் படம் எடுக்க வந்தார்கள். எனக்குப் பின்னால் டின்கள் மலையாகக் குவிந்திருந்தன. அக்கா வந்தார். இப்போதுதான் ஊர் முன்னால் அவமானப்பட்ட மனுஷி, ஒவ்வொரு டின்னாக எடுத்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி திருப்பி அடுக்கினார். அட, துப்புரவாக இருக்கட்டும் என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்தில் பந்தலில் பால் மட்டும்தான் என்று தீர்மானம் போட வைத்தேன். "சரி தம்பி, சாமி காரியம், சண்டை வேணாம்" என்றார் அக்கா. அந்த வருடத்திலிருந்து அவர் குவளை கழுவினார்.

வேலை ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். சாப்பிடுகிற பொருளில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்கச் சொன்னார். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த டின்னின் பின்பக்கத்தைப் படித்தேன். சீனி. செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் பால் மாவு. முன்பக்கத்திலும் பால் என்று எழுதவில்லை, கிரீமர் என்றுதான் இருந்தது. கொட்டை எழுத்தில்! நம் ஊரில் எல்லாரும் டின் பால் என்கிறோம், நானும் டின் பால் என்றேன். சுத்தமான பால் என்று மைக்கில் கத்திக்கொண்டு, இத்தனை வருடம் செம்பனை எண்ணெயை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் அக்கா ஊற்றியதும் செடியில் வந்தது, நான் ஊற்றியதும் மரத்தில் வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. படத்தில் என் டின் எழுத்து விழக் கூடாது என்றுதான் அன்று அவர் திருப்பி அடுக்கினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா பாயசம் கொண்டுவந்து வைத்தார். இரண்டு கிண்ணம் உள்ளே போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "அக்கா, அந்த டின்னு..." என்றேன்.

"தெரியும் தம்பி. மொத வருஷமே படிச்சேன்."

"அப்ப அன்னிக்கு மைக்ல நான் அப்படிப் பேசினப்ப நீங்க திருப்பிச் சொல்லியிருக்கலாமே?"

"அவ்வளவு சனம் முன்னாலயா?" என்றார். "பால் கொட்டிப் போனா வேற பால் காய்ச்சிக்கலாம். மனுசன் மானம் அப்படியா?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. நான் கேட்கவில்லை. "அடுத்த கூட்டத்துல எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேங்க்கா" என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அப்ப வர்ற பூசத்துக்குப் பயறு ஊற வெக்கட்டுமா?" என்று கேட்டார். ஊற வைங்க என்றேன்.

கூட்டத்துக்கு அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். குணா, "வேற ஏதும் பேசணுமா?" என்று கேட்டபோது அக்கா என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். உங்கள் முகங்களைப் பார்த்தேன். "இந்த வருஷம் டின் பால் வேணாம், பெட்டில வர்ற ஃப்ரெஷ் பால் போடுவோம், இன்னும் தரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் கை தட்டினீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தது. வாசலில் அக்கா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "ஃப்ரெஷ் பால் தண்ணியா நிக்கும் தம்பி. கொஞ்சம் சுண்டக் காய்ச்சி ஆற வெச்சுக் கலக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அந்தப் பூசத்திலும் அதற்கடுத்த பூசத்திலும் அவர் குவளைதான் கழுவினார். பாண்டோங் நன்றாக வந்தது, அவர் சொன்ன பக்குவத்தில்.

தகனத்துக்கு மறுநாள் காலை அஸ்தி எடுக்கப் போயிருந்தோம். அக்காவின் மகள் கவிதா பட்டர்வொர்த்தில் அலுவலக வேலை பார்க்கிறவள். கையில் பால் பெட்டியை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அங்கிள், அஸ்தில மாட்டுப் பாலே ஊத்தச் சொல்லி அம்மா முன்னாடியே சொல்லியிருக்காங்க. பந்தல்காரங்க வருவாங்க, செல்வம் தம்பி மனசு சங்கடப்படக் கூடாதுன்னு. ஆனா அவங்களுக்குத்தான் பாலே ஆகாதே. ஊத்த மனசு வரல. நீங்க என்ன சொல்றீங்க?"

கூனிக் குறுகிப் போனேன். சாம்பலான பிறகும் என் வீம்புக்கு அவர் இடம் விட்டிருக்கிறார். "வேணாம்மா" என்றேன். "சோயா பால் வாங்கிட்டு வரச் சொல்லு. அவங்களுக்குப் பிடிச்சத ஊத்துவோம்." பிறகு குணாவையும் சுற்றி நின்ற உங்களையும் பார்த்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். டின், செம்பனை எண்ணெய், மைக்கில் நான் சொன்னது, கூட்டத்தில் நான் சொல்லாதது.

நீங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. குணா என் தோளைத் தொட்டார். "தெரியும்ணே. டின்னத் தொறக்கறது நாங்கதானே, எழுதியிருக்கறதப் படிக்க மாட்டோமா? ரொம்ப வருஷமா எல்லாருக்கும் தெரியும். அக்காதான் விடல. 'அவரு தானாச் சொல்லுவாரு, அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்க'ன்னு சத்தியம் வாங்கினாங்க. அந்தக் கூட்டத்துல நீங்க எழுந்தப்பக்கூட எங்களப் பாத்துத் தலைய ஆட்டினாங்க, இப்பச் சொல்லிடுவாருன்னு."

கவிதா சோயா பாலை ஊற்றினாள். என்னையும் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.

வரும் பூசத்துக்குப் பயறு ஊறவைத்து அரைப்பது என் வேலை என்று குணாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பெரிய காரியம் இல்லை, அதனால் அக்காவுக்கு ஆகப்போவதும் ஒன்றும் இல்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. 'தானாச் சொல்லுவாரு' என்று என்னைப் பற்றி ஒருத்தர் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைக்கு உரியவனாக, அவர் காது கேட்கும்படி, நான் ஒரு நாள்கூட இருக்கவில்லை.