பத்திரம் முடிந்த வீடு

தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பதினோரு மாதத்துக்குத்தான் பத்திரம் எழுதினோம். இங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். என் கணவர் அப்போது துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கெடு முடிந்ததும் புதுப்பிக்கக் கேட்டுப் போனேன்.

"எதுக்கும்மா வருசா வருசம் முத்திரைத்தாள்? நீங்க பாட்டுக்கு இருங்க" என்றார் வீட்டுக்கார அண்ணாச்சி.

அதன்பின் மாதா மாதம் வாடகை கொடுப்பதுதான் ஒப்பந்தம் என்றாகிவிட்டது. நாங்கள் காலி செய்வதென்றால் ஒரு மாதம் முன்பே சொன்னால் போதும். அவரும் அப்படியே சொல்லலாம். அது எங்களுக்குத்தான் வசதி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பிறகு கணவருக்குப் பக்கவாதம் வந்தது. சக்கர நாற்காலி நுழைவதற்காக அண்ணாச்சியே கொத்தனாரைக் கூட்டிவந்து குளியலறை வாசலை அகலப்படுத்திக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்தில் அண்ணாச்சி இறந்துபோனார்.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் அவருடைய மகன் வந்து வீடு வேண்டும் என்றார். வளைகுடாவில் வேலை போய்க் குடும்பத்தோடு திரும்பியிருந்தார். அவர் அப்பா சொன்னதைச் சொன்னேன்.

"அப்பா சொல்லிருப்பாவ, இல்லங்கல. ஆனா பத்திரம் முடிஞ்சு எவ்வளவு காலமாச்சு அக்கா. பிள்ளையளக் கூட்டிட்டு நான் எங்கன போவேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. என்னால் கோபப்படக்கூட முடியவில்லை. கோர்ட்டுக்குப் போனால் இழுத்தடிக்கலாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னார். நோயாளியை வைத்துக்கொண்டு அதற்கு எனக்குத் தெம்பில்லை.

தரைத்தள வீடு தேடி அலைந்தேன். வீட்டில் யார் யார் இருப்பீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொன்னதும், சொந்தக்காரர் வருகிறார், வெள்ளையடிக்கவேண்டும் என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். ஒரு அம்மாள் மட்டும் மறைக்காமல் சொன்னார்: "படுத்த ஆளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, பொறவு என் வீட்டுக்கு யாரு குடிவருவா?"

கடைசியில் கிடைத்தது மாடி வீடு. என் கணவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்த இரண்டு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி ஏறினார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவர்கள் போனபின், குழறிய வாயால் மெல்லக் கேட்டார்: "இனி எப்ப கீழ எறங்குவேன்?"

சீக்கிரம் என்றேன். தினமும் கேட்டார், நானும் தினமும் அதையே சொன்னேன். மாடிப்படி குறுகல், கூப்பிட்டவுடன் வந்து தூக்க ஆளில்லை. இப்போது அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சோறு கொண்டுபோனாலும் திரும்புவதில்லை.