நாளைய சோறு

இன்று மதியம் திண்டுக்கல் பிரியாணிக் கடையில், காலி அண்டாவைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டதும் நான் பிறந்த கிரகம் ஞாபகம் வந்துவிட்டது. காலத்தில் முன்னும் பின்னும் போய்வரத் தெரிந்த எங்கள் ஜனத்துக்கு அடுப்பு மூட்டத்தான் பொறுமை கிடையாது. பசித்தால் அம்மா சட்டியோடு நாளைய மதியத்துக்குப் போய், அங்கே ஆவி பறக்கும் சோற்றை அள்ளி வந்துவிடுவாள். நாளைய அம்மா அதற்கு மறுநாளுக்குப் போவாள். இப்படியே தெருவெங்கும் சட்டிமூடிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அடுப்புகளில் பூனைகள் குட்டி போட்டு வளர்த்தன.

ஒருநாள் அம்மா வெறும் சட்டியோடு திரும்பினாள்.

"அங்கயும் நான் வெறுஞ்சட்டியோடதான்டா நிக்கிறேன். ஒரு நாளாச்சும் ஒலை வைக்க ஒடம்பு வணங்குதா அவளுக்கு!" என்று நாளைய தன்னையே திட்டித் தீர்த்தாள். எல்லா வீட்டிலும் அதே கதைதான். அப்படித்தான் பாழாய்ப் போனது எங்கள் கிரகம். பிழைக்க இங்கே வந்தோம்.

"செத்த நேரம் உக்காருங்க, அடுத்த அண்டா தம்முல இருக்கு" என்றார் கடைக்கார பாய். பக்கத்தில் நின்றவர் முணுமுணுத்தார். நான் எட்டிப் பார்த்து, அண்டாவுக்கு அடியில் நிஜமாகவே நெருப்பு இருப்பதை உறுதிசெய்துகொண்டு, நிம்மதியாக உட்கார்ந்தேன்.