மாமனுக்கு ஆகாத பிள்ளை

சென்னப்பன் கௌதள்ளி கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி மைசூருக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஃபிட்டராகி, தங்கை கனகாவையும் இங்கேயே கட்டிக்கொடுத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. ஆனாலும் தங்கை மகள் ரூபாவின் முகத்தை எட்டு வருஷத்தில் அவன் நேராகப் பார்த்தது நாலைந்து முறைதான்.

அவள் கொடி சுற்றிப் பிறந்தவள். கழுத்தில் மாலையோடு வந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்பது அவர்கள் பக்கத்துப் பேச்சு. பரிகாரமாக, கிண்ணத்து எண்ணெயில் தெரியும் பிள்ளையின் முக நிழலைத்தான் தாய்மாமன் முதலில் பார்க்க வேண்டும். அதைச் செய்த நாளில் குழந்தை திமிற, கால் பட்டுக் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. இனி அந்தப் பிள்ளை அவன் கண்ணில் படவே கூடாது என்று அன்றைக்கே சென்னப்பனின் மனைவி செல்லக்கண்ணு முடிவு செய்துவிட்டாள். அவன் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ரூபா பக்கத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். இதில் சென்னப்பனுக்கு நம்பிக்கை உண்டா என்றால் அவனுக்கே தெரியாது. மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூலையில் ஒரு மழைக் காலை. பஸ் ஸ்டாப்பில் ரூபா நின்றிருந்தாள். அவளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். வேலைக்குப் போக வந்த மாமனைக் கண்டதும் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அவனுக்கு என்னவோ போலிருந்தது.

"என்ன அம்மிணி, நனையறயே" என்று குடைக்குள் இழுத்துக்கொண்டான். அவள் பையை இறக்கி, அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அரை மணி நேரம் கழித்து, ஹெப்பாளில் பஸ் நிற்பதற்குள் இறங்கப் போய், ஈரப் படியில் வழுக்கி விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது.

பெரியாஸ்பத்திரி வார்டுக்கு ஓடிவந்த கனகாவைச் செல்லக்கண்ணு கட்டிலருகே விடவில்லை. "காலையில உம்மவ மூஞ்சியில முழிச்சுட்டுத்தான் போயிருக்காரு. ஸ்டாப்புல நின்னவங்க சொன்னாங்க. எந்தாலி அறுந்தாத்தான் உனக்கு நிம்மதியா?"

கனகா அண்ணனைப் பார்த்தாள். வலியென்று நினைத்துக்கொள்ளட்டும் என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள், செல்லக்கண்ணு காப்பி வாங்கப் போன நேரம் பார்த்துக் கனகா மறுபடி வந்தாள்.

"அண்ணா, ரூபா கண்ணத் தொறக்க மாட்டேங்கறா."

"என்ன சொல்ற?"

"அண்ணி சொன்னத அவங்கப்பாகிட்டச் சொல்லி அழுதேன். அதக் கேட்டுட்டா. அப்ப மூடுனவ மூடுனவதான். செவுத்தத் தடவித் தடவி நடக்கறா. அவ பாத்தா ஆராச்சும் செத்துருவாங்களாம். அடிச்சும் பாத்துட்டேன். நேத்து அப்படியே ரோட்டுல எறங்கிட்டா. லாரிக்காரன் பிரேக் போட்டதுனால பொழச்சா."

"இப்பவே கூட்டிட்டு வா."

"அண்ணி விடமாட்டாங்க."

"நான் பாத்துக்கறேன். போ."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தாயின் கையைப் பிடித்து, கண்களை இறுக மூடியபடி ரூபா வாசலில் தெரிந்ததும், கட்டிலருகே இருந்த செல்லக்கண்ணு எழுந்துபோய் வழியை அடைத்து நின்றாள்.

"வர வேண்டாம். சொல்லிட்டேன்."

"விடு செல்லா. நாந்தான் வரச் சொன்னேன்."

"புத்தி கெட்டுப்போச்சுங்களா உங்களுக்கு? இன்னொருக்கா ஏதாச்சும் ஆனா நான் எங்கீங்க போவேன்?"

இத்தனை வருஷமும் அவளை ஆட்டிவைத்தது பயம்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நேரமாயிருச்சுன்னு நாந்தான் பஸ் நிக்கறதுக்கு முந்தி எறங்குனேன். கண்டக்டர் கத்துனாரு, கேக்கல. நீ திட்டுவீன்னு மூணு நாளா வாய மூடிட்டுக் கெடந்தேன்" என்றான். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்லக்கண்ணு அசையவில்லை. சென்னப்பன் கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தான். எடை கட்டித் தொங்கவிட்டிருந்த கால் இழுபட்டது. உயிர் போகிற வலி. அவன் முனகலைக் கேட்டு அவள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். வழி திறந்ததும் கனகா பிள்ளையோடு உள்ளே வந்துவிட்டாள்.

"கண்ணத் தொற அம்மிணி."

"பேடா மாமா, பேடா" என்றாள் ரூபா, பள்ளிக்கூடத்துக் கன்னடத்தில். "வேண்டாம். செத்துருவீங்க."

அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். மூன்று நாள் தாடி அவள் விரல்களில் குத்தியது.

"அன்னிக்குக் குடைக்குள்ள என்னையப் பாத்தயில்ல? பாத்தும் உசுரோடதான இருக்கறேன். நானா வுழுந்தேன் கண்ணு. நீ தள்ளிவிடல."

அவள் விரல்கள் அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தன. பிறகு இமைகள் மெல்லப் பிரிந்தன. அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தொங்கும் காலைப் பார்த்தாள்.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது. ரொம்ப."

செல்லக்கண்ணு அன்று மாலையே ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலுக்குப் போய் அவன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். கனகாவோடு இரண்டு வருஷம் பேசவில்லை. சென்னப்பனுக்கு அந்தக் கால் சற்றுக் குட்டையாகிப்போனது. நடக்க முடிந்ததும் ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்குப் போனான். ரூபா கூடவே உட்கார்ந்து சாப்பிடுவாள், ஆனால் அவன் பக்கம் திரும்பமாட்டாள். மாதக்கணக்கில் அப்படித்தான் போயிற்று. ஒருநாள் வீட்டுப்பாடக் கணக்குப் புரியவில்லை என்று நோட்டைக் கொண்டுவந்து அவன் முகத்தைப் பார்த்தபடி எதிரே நின்றாள். அதில் எழுதியிருந்த கன்னடம் அவனுக்குப் படிக்கத் தெரியாது. அவளே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாள்.